ஜாக்கியை நம்பாதே, பாலு

அன்புள்ள பாலு,

பொங்கலுக்கு வந்த உன் கடிதத்துக்கு ஆடி பிறந்த பிறகு பதில் எழுதுகிறேன். திட்டுவதை எல்லாம் இந்த வரியிலேயே திட்டி முடித்துவிடு. இங்கே எல்லோரும் சௌக்கியம். கமலாவுக்கு முழங்கால் வலி. குண்டு ரவி வந்து நாலு நாள் தங்கிவிட்டு, வழக்கம்போலக் குடையை மறந்துவிட்டுப் போனான்.

இதைச் சொல்வதற்காக எழுத உட்காரவில்லை. அப்பாவின் பழைய ஹெரால்டு காரை ஷெட்டிலிருந்து வெளியே தள்ளியாகிவிட்டது, நாலு ஹாலோ பிளாக் மேல் ஏற்றிப் பேரனோடு சேர்ந்து அடிப்பக்கத்தை நானே பார்க்கப் போகிறேன் என்று கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்தாயே, அதற்காகத்தான். அன்று படித்துச் சிரித்தேன். போன சனிக்கிழமைக்குப் பிறகு சிரிப்பு வரவில்லை.

என் ஸ்பிட்ஃபயர் கார் உன் ஹெரால்டுக்கு ஒன்றுவிட்ட தம்பி. இரண்டுக்கும் உருவம் கொடுத்தவர் இத்தாலிக்காரர் மிக்கெலாட்டி. உன்னுடையது பெருங்களத்தூரில் பிறந்தது. என்னுடையது இங்கிலாந்தில், நான் இருக்கும் இதே கவென்ட்ரியில், கேன்லி ஆலையில். 1980-லேயே தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். வயதான வண்டி, ஒழுகத்தான் செய்யும். பின்னால், சக்கரங்களைச் சுழற்றும் பல்சக்கரப் பெட்டியான டிஃபரன்ஷியலில் எண்ணெய் கசிந்தது. பத்து நிமிஷ வேலைதானே என்று வாசலிலேயே டிராலி ஜாக்கியைத் தள்ளிப் பின்பக்கத்தைத் தூக்கினேன். தூக்கிய காரைத் தாங்கிப் பிடிக்கும் ஸ்டாண்டுகள் ஷெட்டில் கொலுப் பொம்மைப் பெட்டிகளுக்கு அடியில் கிடந்தன. பெட்டியை யார் இறக்குவது?

மல்லாக்கப் படுத்து உள்ளே போய், நட்டில் ஸ்பேனரை வைத்தால் ஏறவில்லை. அது 9/16 அங்குல நட்டு, நான் எடுத்துப் போனது 14 மில்லிமீட்டர். கால் மில்லிமீட்டருக்குச் சற்று மேல்தான் வித்தியாசம். என்னையே திட்டிக்கொண்டு வெளியே ஊர்ந்து வந்து, டூல் பெட்டியில் துழாவிக்கொண்டிருக்கும்போது பின்னால் 'ணங்'கென்று ஒரு சத்தம். திரும்பினால் கார் ஒரு முழம் முன்னால் நகர்ந்து தரையில் உட்கார்ந்திருக்கிறது. ஜாக்கி கவிழ்ந்து, அதன் கைப்பிடி நான் படுத்திருந்த சாக்கின் மேல் கிடக்கிறது. பிறகு டேப்பை வைத்து அளந்தேன். சைலன்சர் குழாய்க்கும் தரைக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை. என் நெஞ்சையும் பக்கவாட்டில் அளந்து பார்த்தேன். அந்தக் கணக்கை உனக்கு எழுத மனமில்லை.

எங்கே தப்பு என்று கேட்பாய். ஹேண்ட் பிரேக்கை இழுத்திருந்தேன். முதல் கியரிலும் போட்டிருந்தேன். ஆனால் ஹேண்ட் பிரேக் பிடிப்பது பின்சக்கரங்களை மட்டும்தான். கியரும் அவற்றைத்தான் பிடிக்கும். அவை இரண்டும் அந்தரத்தில்! முன்சக்கரங்களைப் பிடிக்க ஒருவரும் இல்லை. வாசலோ கண்ணுக்குத் தெரியாத சரிவு. திருவாரூர்க்காரனடா நான்! திருச்சி பெல் (BHEL) ஆலைக்காரர்கள் ஆழித்தேருக்கு ஹைட்ராலிக் பிரேக் மாட்டிக் கொடுத்த பிறகும் சக்கரத்தடியில் முட்டுக்கட்டையை வீசிக்கொண்டுதான் தேரை ஓட்டுகிறார்கள். அதைப் பார்த்து வளர்ந்தவன், ஒரு கட்டைக்குச் சோம்பல் பட்டேன்.

ஆகவே, நீ பின்னால் தூக்கினால் முன்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை. முன்னால் தூக்கினால் பின்சக்கரத்துக்கு. சக்கர நட்டுகளை, சக்கரம் தரையில் இருக்கும்போதே கொஞ்சம் இளக்கிவிடு. மேலே தூக்கிவிட்டு அதோடு மல்லுக்கட்டினால் கார்தான் ஆடும். டிராலி ஜாக்கியின் கை நேராக எழும்பாது, வளைந்து எழும்பும். அதனால் ஜாக்கி தன் சக்கரத்தில் கொஞ்சம் உருள இடம் வேண்டும். உன் வீட்டு முன்வாசல் மண்தரையில் அது உருளாது, புதையும். சிமெண்டுத் தளத்துக்குக் கொண்டுபோ.

ஹாலோ பிளாக்கை மறந்துவிடு. சுவர் கட்ட அது போதும். சட்டத்தின் விளிம்பு ஒரே இடத்தில் அழுத்தினால் முன்கூட்டிச் சொல்லாமல் நொறுங்கும். இரும்பு ஸ்டாண்டு இரண்டு ஜோடி வாங்கு. ஜாக்கிக்குள் எண்ணெயைப் பிடித்திருப்பது ஒரு ரப்பர் சீல்தான், அதன் அடியில் யாரும் படுக்கக் கூடாது. ஸ்டாண்டை சேஸிஸ் சட்டத்துக்குக் கீழே வை, தரைத் தகட்டுக்குக் கீழே அல்ல. வைப்பதற்கு முன் அந்த இடத்தை ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார். அப்பா வருஷக்கணக்காக மழையில் விட்ட வண்டி, பெயின்டுக்குள் துரு மட்டும் மிச்சமிருக்கலாம். ஸ்டாண்டில் இறக்கிய பிறகு இடுப்பால் நன்றாக இடித்துப் பார். விழுவதானால் நீ வெளியே நிற்கும்போதே விழட்டும். கழற்றிய சக்கரத்தையும் வண்டிக்கு அடியில் படுக்கப் போட்டு வை.

வேலை முடிந்து இறக்கும்போது ஒரு வேடிக்கை பார்ப்பாய். ஹெரால்டுக்கும் ஸ்பிட்ஃபயருக்கும் தூக்கியதும் பின்சக்கரங்கள் கால் மடக்கிய கோழி மாதிரி உள்ளே ஒடுங்கும். இறக்கினாலும் உடனே விரியாது, வண்டி பின்பக்கம் தூக்கினாற்போலவே நிற்கும். எதையோ உடைத்துவிட்டோம் என்று பதறாதே. நாலடி முன்னும் பின்னும் தள்ளு, உட்கார்ந்துவிடும்.

பேரனைப் பற்றி ஒரே வார்த்தை. அவன் வெளியே நின்று ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கட்டும், உள்ளே தலையை விடக் கூடாது. உன்னிடம் கெஞ்சிக் கேட்கிறேன் என்றே வைத்துக்கொள். மணி சார் விஷயத்தில் நாம் யாரும் வாயைத் திறக்காமல் இருந்தோம், ஞாபகம் இருக்கிறதா?

கசிவு இன்னும் நிற்கவில்லை. அடியில் ஒரு ஹார்லிக்ஸ் டப்பாவை வைத்திருக்கிறேன். கமலா போனில் பேசினால் ஜாக்கி பழசாகிவிட்டது, வேறு வாங்குகிறான் என்று மட்டும் சொல். அவளுக்கு நான் சொல்லியிருப்பது அவ்வளவுதான்.

உன்
சேகர்