விளையாட்டுத் திடல் புல்தரை: பணி நிறைவு அறிக்கையும் வரவு செலவு விளக்கமும்

மதிப்பிற்குரிய நலச்சங்க உறுப்பினர்களுக்கு, திடல் பணிக்குழுவின் வணக்கம்.

கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் கடலுக்கும் இடைப்பட்ட நம் குடியிருப்பின் எட்டாயிரம் சதுர அடித் திடலில் புல் பிடித்துவிட்டது. மதிப்பீடு 2,40,000 ரூபாய். செலவு 2,78,000 ரூபாய். கூடுதலான 38,000 ரூபாயைப் பற்றியும், “வாசலில் தானாக முளைக்கும் அருகம்புல்லைக் காசு கொடுத்து நடுவார்களா?” என்று பொதுக்குழுவிலும் அதற்கு வெளியிலும் கேட்கப்பட்டதைப் பற்றியும் எழுத்தில் பதில் சொல்ல வேண்டியது எங்கள் கடமை.

புல் தேர்வை முதலில் சொல்கிறோம். உறுப்பினர் பலர் விரும்பியது கொரியன் புல். அதன் அழகை நாங்களும் மறுக்கவில்லை. உப்பையும் அது ஓரளவு தாங்கும். ஆனால் மெதுவாகப் படரும் இனம் என்பதால், பிள்ளைகள் பந்து வீசி ஓடித் தேய்த்த இடம் மூடிக்கொள்ள மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். 2022 கத்தார் உலகக் கோப்பைக் கால்பந்துத் திடல்களில் போடப்பட்ட பாஸ்பாலம் புல்லை ஓர் உறுப்பினர் படங்களோடு எடுத்துக்காட்டினார். திடலில் போடும் புற்களில் உப்புநீரை மிக நன்றாகத் தாங்குவனவற்றுள் அது ஒன்று என்பது உண்மையே. ஆயினும் நம் ஆழ்துளைக் கிணற்று நீரை, உப்பு மிகும் மே மாதத்திலேயே எடுத்துச் சோதித்தபோது உப்பின் அளவைக் காட்டும் அதன் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 2.4 டெசிசீமன்ஸ் அளவில்தான் இருந்தது. வேர்ப்பகுதியில் உப்பு ஒன்றரை மடங்காகச் சேர்ந்தாலும் அந்த அளவு நான்கைத் தொடாது. அருகம்புல்லோ மண்ணில் 6.9 வரை வளர்ச்சி குன்றாமல் நிற்கும். உப்பைவிட வறட்சியும் மிதியுமே நம் திடலின் தொல்லை என்று தெளிந்த பிறகு, தரைக்கு மேலும் தரைக்கு அடியிலும் தண்டு ஓட்டிப் படரும் அருகையே தேர்ந்தோம். ‘அருகுபோல் வேரோடி’ என்று பெரியவர்கள் வாழ்த்துவது இந்தக் குணத்தை வைத்துத்தான். நட்டது வேலியோரத்து நாட்டு அருகு அன்று. நாற்றுப்பண்ணைகளில் பெர்முடா என்று விற்கப்படும், இலை நுணுகிய கலப்பினம். அதற்கு விதை பிடிக்காது என்பதால் கரணையாக, அதாவது தண்டுத் துண்டுகளாக, வாங்கித்தான் நட வேண்டும். காசு கொடுத்த காரணம் இதுவே. பூவரசு நிழல் விழும் மேற்கு ஓரத்தில் மட்டும், நிழலில் அருகு மெலிந்து போகும் என்பதால், அகன்ற இலையுள்ள எருமைப்புல்லை வைத்தோம்.

இனி, செம்மண் விவகாரம். ஒப்பந்ததாரர் தம் விலைப்புள்ளியில் மணல்மேல் அரையடிச் செம்மண் பரப்புவதாக எழுதியிருந்தார். நாங்கள் அதை நீக்கி, மக்கிய தொழு உரத்தையும் நன்கு கழுவிய தென்னை நார்க்கழிவையும் முக்கால் அடி ஆழத்துக்கு மணலோடு கொத்திக் கலக்க வேண்டும் என்று திருத்தினோம், அவரும் கையெழுத்திட்டார். இருந்தும் ஜூலை முதல் வாரத்தில் ஒரு நாள், நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் சொல்லி நாங்கள் போய்ச் சேர்வதற்குள், நான்கு லாரி செம்மண் கொட்டி வடபாதியில் நிரவப்பட்டிருந்தது. “எல்லா இடத்திலும் இப்படித்தான் சார் போடுகிறோம்” என்பதே அவருடைய பதில்.

அப்படியே விட்டிருக்கலாமே என்று கேட்பவர்கள் அன்று நாங்கள் கண்டதைக் கேட்க வேண்டும். இரண்டு மணி நேரம் குழாயைத் திறந்து நனைத்துவிட்டு ஒரு குழி தோண்டினோம். மேலே செம்மண் கையில் ஒட்டிக் குழைந்தது. அதற்கு ஒரு விரல் கீழே மணல் பொலபொலவென்று உதிர்ந்தது. நுண்ணிய மண் தன் இடுக்குகளில் பிடித்த நீரை, அடுக்கு முழுவதும் நிறைந்து ததும்பும் வரை, அடியிலுள்ள பருமணலுக்கு விடுவதில்லை. வேரும் ஈரம் உள்ள அரையடியிலேயே தங்கிவிடும். கோடையில் இரண்டு நாள் நீர் தவறினால் புல் காயும், ஐப்பசி அடைமழையில் அதே இடம் சேறாகும். இதைவிடக் கவலை தந்தது வேறொன்று. உடைத்துப் பார்த்த கட்டிக்குள் கடலைப் பருப்பு அளவில் கறுத்த கிழங்குகள், நூல்போன்ற வேரில் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு கிடந்தன. கோரைக்கிழங்கு. மேலே பிடுங்கினால் நூல் அறுந்து ஒவ்வொரு கிழங்கும் தனித்தனியே முளைக்கும். அதை நம் திடலுக்கு நாமே விருந்தாக அழைக்க எங்களுக்கு மனம் வரவில்லை.

மூன்று முறை பேச்சு நடந்தது. ஒரு முறை குரல்களும் உயர்ந்தன. முடிவில் செம்மண்ணை எடுத்துச் செல்லும் லாரி வாடகையை ஒப்பந்ததாரரும், சுரண்டி அள்ளிய ஆட்கூலியையும் கலங்கிப்போன மேல்மணலைச் சலித்துத் திரும்பப் பரப்பிய கூலியையும் நாமும் ஏற்றோம். அந்தக் கூலிதான் 38,000 ரூபாய். முழுவதையும் அவர் தலையில் கட்டியிருக்க வேண்டும் என்ற கருத்தை மதிக்கிறோம். ஆனால் வழக்கு என்று இழுத்திருந்தால் பருவம் தப்பியிருக்கும். ஐந்து வாரம் பிந்தினாலும் ஆகஸ்ட் இரண்டாம் பாதியில் கரணை நட்டதால்தான், வடகிழக்குப் பருவமழை வருமுன் தண்டுகள் ஓடி மணலைக் கட்டிக்கொண்டன. வடகிழக்கு மூலையில் இன்னும் கோரை தலைகாட்டுகிறது. வாரந்தோறும் கிழங்கோடு அகழ்ந்து எடுத்து வருகிறோம்.

குழாய்ப் பதிப்பு, தெளிப்பான், நடைபாதைக் கல், சுற்றுச்சுவர்ப் பூச்சு ஆகியவை மதிப்பீட்டுக்குள் முடிந்தன.

நன்கொடையாக வந்தது 1,95,000 ரூபாய்; மீதி 83,000 ரூபாய் பொதுக்குழு ஒப்புதலுடன் சேமநிதியிலிருந்து எடுக்கப்பட்டது. பொதுக்குழு முடிவுப்படி வீட்டு எண்ணால் நன்றி கூறுகிறோம்: தாயார் நினைவாகத் தெளிப்பான் முழுவதையும் அளித்த 22ஆம் எண் வீட்டார், ஓய்வூதியத்திலிருந்து கொடுத்த 7ஆம் எண் ஆசிரியத் தம்பதியர், பேரனின் முதல் பிறந்தநாளை ஒட்டித் தொழு உரம் தந்த 31ஆம் எண் வீட்டார், 3, 4, 9, 12, 15, 18, 26, 40ஆம் எண் வீட்டார், உண்டியலை உடைத்து நாணயங்களாகவே கொண்டுவந்து கொடுத்த இரண்டாம் குறுக்குத் தெருப் பிள்ளைகள், சலித்த மூன்று நாளும் வேலையாட்களுக்கு மோர் அனுப்பிய 11ஆம் எண் அம்மா.

மணலில் உரம் தங்காது என்பதால் தழைச்சத்தைச் சிறுசிறு தவணையாகவே இட வேண்டும். நீரைத் தினமும் தெளிக்காமல், இடைவெளி விட்டு ஆழமாக நனையும்படி பாய்ச்ச வேண்டும். அப்போதுதான் வேர் கீழே இறங்கும். வெட்டும் உயரம் ஒன்று முதல் ஒன்றரை அங்குலம். பொங்கல் வரை திடலுக்குள் மிதிவண்டி வேண்டாம். பற்றுச்சீட்டுகள் சங்க அறையில் உள்ளன. ஞாயிறு காலை 10 முதல் 12 மணி வரை எந்த உறுப்பினரும் வந்து பார்க்கலாம்.

திடல் பணிக்குழுவுக்காக,
செயலாளர்