சேர்க்கைக் கட்டணம் வாங்கும் முன் ஒரு தாள் கொடுங்கள்

சென்னைக் கல்லூரிகளின் உளவியல் துறைத் தலைவர்களுக்கும் சேர்க்கைக் குழுவினருக்கும்,

வணக்கம்.

எம்.எஸ்சி. உளவியலுக்கு விண்ணப்பிக்க வருகிறவர்கள் எல்லாரும் பி.எஸ்சி. முடித்த கையோடு வருகிறவர்கள் இல்லை. வங்கியில் எட்டு வருடம் இருந்தவர், நர்ஸ், மென்பொருள் டெஸ்டர், தமிழ் இலக்கியம் படித்துப் பள்ளியில் பாடம் எடுத்தவர், குழந்தை பிறந்ததும் வேலையை விட்டவர் என்று பலரும் உங்கள் கவுன்ட்டர் வரிசையில் நிற்கிறார்கள். கையில் இருக்கும் வேலையையோ சேமிப்பையோ விட்டுவிட்டு வருகிற இவர்களிடம் பணம் வாங்கும் முன், எந்தக் கதவு திறக்கும், எது திறக்காது என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். அதைக் கேட்கத்தான் இந்த மடல்.

முதலில், "இந்தப் படிப்பை முடித்தால் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆகலாம்" என்று ப்ராஸ்பெக்டஸில் வரும் வரியை எடுத்துவிடுங்கள். பொது உளவியல் முதுகலையை மட்டும் வைத்துக்கொண்டு அந்தப் பெயரில் தொழில் செய்ய முடியாது. 1992ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வு கவுன்சில் சட்டப்படி, கவுன்சில் அங்கீகரித்த படிப்பை முடித்து மத்தியப் பதிவேட்டில் பெயர் ஏற வேண்டும். அப்போது கிடைப்பதுதான் சி.ஆர்.ஆர். எண். பதிவில்லாமல் தொழில் செய்தால் ஓராண்டு வரை சிறை அல்லது அபராதம், அல்லது இரண்டுமே உண்டு. இத்தனை காலம் இதற்கான முக்கிய வழியாக இருந்தது, முதுகலைக்குப் பின் மருத்துவமனைப் பயிற்சியோடு படிக்கும் இரண்டு வருட முழுநேர எம்.ஃபில். பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. எம்.ஃபில்.லையே நிறுத்திவிட்டு, கிளினிக்கல் சைக்காலஜிக்கும் மனநலச் சமூகப் பணிக்கும் மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை சேர்க்கைக்கு அவகாசம் கொடுத்தது. ஆகவே பழைய சீனியர் சொன்ன வழியை நம்பி யாரும் கிளம்பக் கூடாது. அந்தந்த ஆண்டு எந்தப் படிப்புக்கு, எந்த நிறுவனத்துக்கு அங்கீகாரம் இருக்கிறது என்று கவுன்சிலின் இணையதளத்தில் பார்த்து, அந்தத் தேதியையும் தாளில் போடுங்கள்.

முப்பத்தைந்து வயதில் வருகிறவருக்குக் கணக்கும் தேவை. பழைய எம்.ஃபில். வழிப்படி பார்த்தாலே முதுகலை இரண்டு வருடம், அதன் மேல் மருத்துவமனைப் பயிற்சி இரண்டு வருடம். இரண்டாவது கட்டத்தில் வேறு வேலை பார்க்க இடமில்லை. நாற்பத்தெட்டு மாத வீட்டு வாடகை, கட்டணம், இன்னும் முடியாத கடன் தவணை எல்லாவற்றையும் ஒரே காகிதத்தில் கூட்டிப் பார்க்காமல் சேர்கிறவர்கள், முதுகலை முடிந்ததும் நின்றுவிடுகிறார்கள். படிப்பில் ஆர்வம் குறைந்து யாரும் நிற்பதில்லை. பணம்தான் தீர்ந்துபோகிறது.

இன்னொரு வாசலும் மூடிவிட்டது. 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவம் முதல் உளவியலில் தொலைநிலை, ஆன்லைன் சேர்க்கை கூடாது என்று யு.ஜி.சி. அறிவித்தது. மனநலத் துறைக்கு நேரடிப் பயிற்சி வேண்டும் என்பதில் எங்களுக்கு மறுப்பே இல்லை. ஆனால் வேலைக்குப் போய்க்கொண்டே படித்தவர்களுக்கு அதுதான் வழியாக இருந்தது. பல கல்லூரிகளில் இரண்டாம் ஷிஃப்ட் மதியமே தொடங்கிவிடுகிறது. வேலையில் இருப்பவருக்கு அதில் பயனில்லை. மாலை 5.30க்குத் தொடங்கும் வகுப்பும் சனிக்கிழமைக் களப்பணியும் வேண்டும். இதைப் பல்கலைக்கழகத்திடம் கேட்டு வாங்க உங்களால்தான் முடியும்.

அடுத்து, அவர்களுக்கு நீங்கள் கொடுக்கும் ஆர்வச் சோதனை. தொழில் ஆர்வங்களை ஆறு வகையாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் தரும் ஜான் ஹாலண்டின் மாதிரியை வைத்துத்தான் பெரும்பாலும் பார்க்கிறார்கள். பல துறைகளில் கை வைத்தவருக்கு ஆறு மதிப்பெண்ணும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் வரும். அதைப் பார்த்து "உங்களுக்கு ஆர்வம் தெளிவாக இல்லை" என்று சொல்லி அனுப்புவது தவறான வாசிப்பு. ஆறும் உயரத்தில் சமமாக இருந்தால், அவருக்குப் பல விஷயங்கள் பிடிக்கிறது என்று பொருள். ஆறும் தாழ்வில் சமமாக இருந்தால் மனச்சோர்வோ அனுபவக் குறைவோ இருக்கலாம், அதைத் தனியாக விசாரிக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே அறிக்கையைக் கொடுத்து அனுப்பாதீர்கள்.

சோதனையைவிட அதிகம் சொல்வது களம். ஒரு பள்ளிக் கவுன்சலர், ஒரு போதை மறுவாழ்வு மையப் பணியாளர், ஒரு எச்.ஆர். ஆள் என மூன்று பேரைச் சந்திக்கச் சொல்லுங்கள். "வேலை கிடைக்குமா" என்று கேட்டால் பொதுவான பதில்தான் வரும். "போன செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து சாயங்காலம் வரை என்ன செய்தீர்கள்" என்று கேட்கச் சொல்லுங்கள். பெற்றோர் கூட்டம், வருகைப் பதிவேடு, மூன்று குழந்தைகளோடு பேச்சு, மீதி நேரம் பரீட்சை மேற்பார்வை என்று பதில் வந்தால், வேலையின் உண்மையான உருவம் தெரிந்துவிடும்.

பழைய அனுபவத்தை மறைக்கச் சொல்கிறீர்களே, அது எங்களுக்கு வருத்தம். நர்ஸாக இருந்தவருக்குப் போதை மீட்பிலும் நோய்த்தணிப்புச் சிகிச்சையிலும் பாதி வேலை ஏற்கெனவே தெரியும். டெஸ்டர் யு.எக்ஸ். ஆய்வுக்கு, அதாவது ஒரு செயலியை மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்க்கும் வேலைக்குப் போகலாம். ஆசிரியருக்குப் பள்ளிக் கவுன்சலர் பணி இருக்கிறது, சி.பி.எஸ்.இ. தன் பள்ளிகளுக்குக் கவுன்சலரை விதியாகவே வைத்திருக்கிறது. சிறப்புக் கல்வியாளர் வேலை மட்டும் வேறு. அதற்கு அதற்கான தனிப் படிப்பும் மறுவாழ்வு கவுன்சில் பதிவும் வேண்டும். உளவியல் முதுகலை அதற்கு ஈடாகாது.

தமிழ் இலக்கியம் படித்தவரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் பிறந்த உளவியல் சோதனைக் கேள்விப் பட்டியல்களைத் தமிழாக்குவது பெரிய வேலை. ஒருவர் மொழிபெயர்க்க, அதைப் பார்க்காத இன்னொருவர் திரும்ப ஆங்கிலமாக்க, இரண்டையும் ஒப்பிட்டு, பிறகு சிலரிடம் வாசித்துக் காட்டித் திருத்த வேண்டும். "மனச்சோர்வாக உணர்கிறீர்களா" என்று கேட்டால் வியாசர்பாடியில் ஒரு அம்மா இல்லை என்று தலையாட்டக்கூடும். அவரிடமே "மனசு சரியில்லையா, எதுலயும் பிடிப்பு இல்லாம இருக்கா, நெஞ்சை அடைக்குதா" என்று கேட்டால் பேச ஆரம்பிப்பார். இந்தக் காது உள்ளவர் உங்கள் துறைக்கே சொத்து. அவரை "அடிப்படை இல்லாதவர்" என்று கடைசி பெஞ்சில் உட்கார வைக்காதீர்கள்.

இன்டர்ன்ஷிப் சான்றிதழையும் திருத்துங்கள். "30 நாள் பயிற்சி பெற்றார், நன்னடத்தை உடையவர்" என்ற தாளை வைத்து எந்த நேர்காணலிலும் ஒன்றும் நிரூபிக்க முடியாது. எத்தனை மணி நேரம், அதில் பார்த்தது எத்தனை, மேற்பார்வையில் தானே செய்தது எத்தனை, எந்தச் சோதனைகள், மேற்பார்வையாளரின் பதிவு எண் என்ன, இவ்வளவும் அதில் இருக்க வேண்டும். கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம், மனச்சிதைவு நோய்க்கான அண்ணா நகர் ஸ்கார்ஃப், போதை மீட்புக்கான இந்திரா நகரின் டி.டி.கே. மருத்துவமனை, முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் என்று ஒவ்வொரு விதமான களமும் இந்த நகரத்திலும் அதன் விளிம்பிலும் இருக்கிறது. எல்லாரையும் ஒரே இடத்துக்கு அனுப்பாமல், அவரவர் பழைய தொழிலைக் கேட்டுவிட்டு இடம் பாருங்கள்.

வார இறுதியில் முடியும் ஹிப்னோதெரபி (மனவசியச் சிகிச்சை), என்.எல்.பி. (நியூரோ லிங்குவிஸ்டிக் புரோகிராமிங்) சான்றிதழ்களைப் பற்றியும் அந்தத் தாளில் ஒரு வரி போடுங்கள்: இவற்றால் மறுவாழ்வு கவுன்சில் பதிவு கிடைக்காது. படித்து முடித்து வேலை கிடைக்காத பதற்றத்தில்தான் பலர் அங்கே பணத்தைக் கொட்டுகிறார்கள்.

வரும் சேர்க்கைக்கு முன் இந்தத் தாளைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சடித்து, விண்ணப்பத்தோடு பின் அடித்துக் கொடுங்கள். வரைவு வேண்டும் என்றால் நாங்கள் எழுதித் தருகிறோம். உங்கள் துறை ஆசிரியர்கள் திருத்தட்டும்.

இப்படிக்கு,
சென்னையில் தொழில் வழிகாட்டல் பணியில் இருப்போர் சிலர்