மூடிய கடையின் கதவையும் தட்டுங்கள்

பன்னாட்டு பிரான்சைஸ் வணிகத்தை ஆராயும் பல்கலைக்கழகப் பெருமக்களுக்கு, வணக்கம்.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய அப்பாவின் சேமநிதிப் பணத்தைப் போட்டு, வெளிநாட்டுப் பானக்கடை ஒன்றின் பெயரில் கடை நடத்தும் உரிமத்தை, அதாவது பிரான்சைஸை, என் அக்கா வாங்கினார். மூன்றாம் ஆண்டு கடையை மூடினார். அதன்பிறகே உங்கள் கட்டுரைகளைத் தேடிப் படித்தேன்.

கையில் பணமும் ஆளும் போதாத நிறுவனம் உரிமம் விற்று வளர்கிறது என்று 1969-இல் ஆய்வாளர்கள் ஆக்சன்ஃபெல்டும் கெல்லியும் எழுதினார்கள். சொந்தப் பணம் போட்டவர் சம்பள மேலாளரைவிடக் கண்ணும் கருத்துமாகக் கடையைப் பார்ப்பார் என்கிறது முகவர் கோட்பாடு. இரண்டும் நிறுவனம் ஏன் விற்கிறது என்பதற்கான விடைகள். வாங்குபவரின் மனநிறைவையும் நம்பிக்கையையும் அளக்கும் ஆய்வுகள் வந்திருப்பதைப் பார்த்து மகிழ்ந்தேன். ஆனால் வினாத்தாளை யாரிடம் கொடுக்கிறீர்கள்? தலைமையகம் தரும் பட்டியலில் இருப்பவர்களிடம் என்றால், மூடியவர்களின் பெயர் அதில் இருக்காது.

அக்காவின் கணக்கு நோட்டு என் முன்னால் இருக்கிறது. தலைமையகத்துக்குத் தொடர்ந்து கட்டும் உரிமத்தொகை லாபத்தில் அல்ல, மொத்த விற்பனையில் கழிந்தது. 'ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்' அறிவித்த வாரங்களில் விற்பனை ஏறியது; தலைமையகத்தின் பங்கும் ஏறியது. இலவசக் கோப்பையும் பாகும் அக்காவின் செலவு. எங்கள் ஊரில் சம்பள வாரம் கடை நிறையும், மாதக் கடைசியில் ஈயாடும். விற்பனை இலக்கோ கோலாலம்பூர் பேரங்காடிக்குப் போட்ட அதே இலக்கு.

மலேசியாவின் 1998-ஆம் ஆண்டு பிரான்சைஸ் சட்டப்படி, கையெழுத்துக்குக் குறைந்தது 10 நாளுக்கு முன் ஆவணங்களைத் தரவேண்டும். தந்தார்கள், ஆங்கிலத்தில். தமிழ்ப்பள்ளியிலும் பிறகு மலாய் இடைநிலைப்பள்ளியிலும் படித்த அக்கா, அந்த இரவுகளில் அகராதியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒப்பந்தம் முடிந்த பிறகும் 2 ஆண்டுகள் அதே மாதிரி வணிகம் செய்யக்கூடாது என்ற விதியை அவர் உணர்ந்தது, வீட்டு வாசலில் சொந்தமாகத் தண்ணீர்க்கடை போட நினைத்த அன்றுதான். தகவல் ஒரு பக்கமே குவிந்திருப்பதைப் பற்றி நீங்கள் பக்கம் பக்கமாக எழுதுகிறீர்கள். அது எந்த மொழியில் குவிந்திருக்கிறது என்றும் கேளுங்கள்.

அடுத்த ஆய்வுக்கு எங்கள் பக்கம் வாருங்கள். தமிழிலும் மலாயிலும் வினாத்தாள் கொண்டுவாருங்கள். கடையை விட்டவர்களைத் தேடிப் பிடியுங்கள். நோட்டைத் தர அக்கா சம்மதித்துவிட்டார்.