தங்கத்தின் நிறமும் எலக்ட்ரானின் தற்சுழற்சியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேதியியலில் ஐன்ஸ்டைனின் சார்பியல் கோட்பாட்டின் பங்கு குறித்துத் தங்கள் அறிவியல் பக்கத்தில் வெளியான கட்டுரையைப் படித்தேன். இத்தகைய பொருளைத் தமிழில் எழுத முன்வந்தது மகிழ்ச்சி தருகிறது. ஆயினும், தங்கத்தின் நிறத்துக்கு எலக்ட்ரானின் தற்சுழற்சி (அதன் உள்ளார்ந்த கோண உந்தம்) சுற்றுப்பாதை இயக்கத்துடன் கொள்ளும் இடைவினையே காரணம் என்றும், இலேசான அணுக்களில் அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை என்றும் அதில் கூறப்பட்டிருப்பவை திருத்தப்பட வேண்டியவை.

தங்கத்தில் அணுக்கருவின் வலிய ஈர்ப்பால் எலக்ட்ரான்கள் மிக விரைவாக இயங்குகின்றன. அதனால் எழும் சார்பியல் விளைவால் 6எஸ் ஆர்பிட்டால் (எலக்ட்ரான் உலவும் பகுதி) சுருங்கி ஆற்றலில் தாழ, 5டி ஆர்பிட்டால் விரிந்து உயர்கிறது. இவ்விரண்டின் ஆற்றல் இடைவெளி குறைந்து நீல ஒளி உட்கவரப்படுவதற்கு முதன்மையான காரணம், தற்சுழற்சியைச் சாராத இந்த விளைவே.

தற்சுழற்சி, சுற்றுப்பாதை இயக்கத்துடன் இணைவது வேறொன்று. அணு எண் 11 மட்டுமே கொண்ட சோடியத்தின் மஞ்சள் ஒளி 589.0, 589.6 நானோமீட்டர் என்று இரு கோடுகளாகப் பிரிந்து தெரிவது இதனால்தான். இத்தகைய ஆற்றல் பிளவு, அலையெண்ணில் அளந்தால், ஃபுளூரின் அணுவில் சென்டிமீட்டருக்கு 404 அலைகள். அயோடினில் சுமார் 7,600.

பல எலக்ட்ரான்கள் உள்ள மூலக்கூறில்தான் கணக்கு கடினமாகிறது. ஓர் எலக்ட்ரானின் தற்சுழற்சி அணுக்கருவின் புலத்தோடு மட்டுமன்றி மற்ற எலக்ட்ரான்களின் இயக்கத்தோடும் இணைகிறது. இந்த இரண்டாம் பங்கு முதற்பங்கிற்கு எதிர்க்குறி உடையது. கார்பன், ஆக்சிஜன் போன்ற அணுக்களில் அது முதற்பங்கின் பாதியளவைக்கூட நெருங்கிவிடும் என்பதால், அதை விட்டுவிடுவதால் நேரும் பிழை விகித அளவில் இலேசான அணுக்களிலேயே பெரிது. மற்ற எலக்ட்ரான்களின் சராசரிப் புலத்தைக் கொண்டு இதனை ஒவ்வோர் எலக்ட்ரான் மீதும் தனித்தனியே செயல்படும் கணிதச் செயலியாகச் சுருக்கும் முறையை 1996இல் ஹெஸ், மரியன், வால்கிரென், குரோபென் ஆகியோர் முன்வைத்தனர்.

எனினும் இந்தக் கணக்கீட்டில் என்னைப் பெரிதும் கவர்ந்தது, சமச்சீரைக் கொண்டு பல உறுப்புகளை ஒன்றிலிருந்தே பெறவைக்கும் விக்னர்–எக்கார்ட் தேற்றத்தின் பயன்பாடுதான். மும்மை நிலை என்பது மொத்தத் தற்சுழற்சி 1 ஆக இருப்பது; ஓர் அச்சின் திசையில் அதன் கூறு 1, 0, −1 என மூன்றாக அமையும். ஆகவே இரு மும்மை நிலைகளுக்கு இடையே, இணைவின் அளவைத் தரும் அணி உறுப்புகள் ஒன்பது உள்ளன. தற்சுழற்சிக் கூறு 1 ஆக உள்ள நிலைகளைக் கொண்டு, கூறுகளைச் சாராத பொது அளவான குறுக்கப்பட்ட உறுப்பைக் கணித்துவிட்டால், எஞ்சியவற்றைக் கோண உந்தங்களை இணைக்கும் அறியப்பட்ட எண்களான கிளெப்ஷ்–கோர்டன் கெழுக்களே தந்துவிடுகின்றன. இரு பக்கமும் கூறு 0 உள்ள நிலைகளை எடுத்துக்கொண்டால் அந்தக் கெழு சுழியாகிவிடும்; விடையும் சுழி என்றே வரும். இணைவே இல்லை என்று அதற்குப் பொருளில்லை. புதிதாகக் கணக்கிடத் தொடங்குவோர் தடுமாறும் இடம் இது.

கட்டுரையை மாணவர்கள் சேமித்து வைத்திருக்கக்கூடும். ஆகவே மேற்கண்ட இரு கூற்றுகளுக்கும் உரிய திருத்தத்தை அதே பக்கத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்