மரபணு மாதிரிகளை அனுமதியின்றிப் பயன்படுத்துவதைத் தடுக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
மரபணுப் பரிசோதனைக் கூடங்களில் பணிபுரியும் தொழில்நுட்பர்கள்,
சென்னை.

பெறுநர்:
அரசுச் செயலாளர் அவர்கள்,
மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத் துறை,
தலைமைச் செயலகம், சென்னை.

பொருள்: பரிசோதனைக்குப் பின் எஞ்சும் இரத்தம், டிஎன்ஏ ஆகியவற்றைப் பாதுகாக்க அரசாணை வெளியிடக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். மரபணுக்களில் புரதம் உருவாக்கும் பகுதிகளைப் படிக்கும் எக்ஸோம் பரிசோதனைக்கு, இரத்தம் உறையாமல் காக்கும் ஈடிடிஏ மருந்து கொண்ட ஊதா மூடிக் குழாயில் 2 முதல் 4 மி.லி. இரத்தம் எடுக்கப்படுகிறது. செலவாவது அதில் ஒரு பங்குதான். மீதி இரத்தமும் பிரித்தெடுத்த டிஎன்ஏவும் உறைபெட்டிக்குப் போகின்றன. பல ஜிபி அளவுள்ள மூலத் தரவு சர்வரில் தங்குகிறது. நோயாளி கைக்கு வருவது சில பக்க அறிக்கை மட்டுமே. மற்றவை எங்கே இருக்கின்றன, யார் தொடுகிறார்கள் என்பது அவருக்குத் தெரியாது. பரிசோதனைக்கும் ஆராய்ச்சிக்கும் சேர்த்து ஆங்கிலப் படிவத்தில் ஒரே கையெழுத்து வாங்கிவிட்டால், அதையே சம்மதம் என்று காட்டிவிடலாம்.

பெயரை நீக்கிவிட்டோம் என்று ஆய்வகங்கள் சொல்லும் பதில் போதாது. பார்கோடு எண்ணையும் பெயரையும் இணைக்கும் பட்டியல் ஆய்வகத்திலேயே இருக்கும். அதை அழித்தாலும் டிஎன்ஏ ஆளைக் காட்டிக்கொடுக்கும். கலிஃபோர்னியாவில் பல்லாண்டு சிக்காத கொலையாளி ஒருவர் 2018-ல் பிடிபட்டது, அவருடைய தூரத்து உறவினர்களின் டிஎன்ஏ ஜெட்மேட்ச் என்ற, உறவினர்களைத் தேட டிஎன்ஏ தரவைப் பதிவேற்றும் இணையதளத்தில் இருந்ததால்தான். குற்றவாளியைக் கண்டுபிடித்த அதே வழியில், உறவினர் தரவு அத்தகைய தளத்தில் இருந்தால் நோயாளியையும் கண்டுபிடிக்க முடியும். உடன்பிறந்தோருக்கு ஏறத்தாழப் பாதி டிஎன்ஏ பொது. சொந்தத்தில் பெண் எடுக்கும் குடும்பங்களில் இந்தப் பகிர்வு இன்னும் கூடும். அங்கே ஒருவர் போடும் கையெழுத்து பங்காளிகள், சம்பந்திகள் எல்லோரையும் சேர்த்தே வெளிப்படுத்துகிறது.

ஆட்களை அடையாளம் காண டிஎன்ஏவைப் பயன்படுத்துவதை முறைப்படுத்த வந்த டிஎன்ஏ தொழில்நுட்ப ஒழுங்குமுறை மசோதா 2023-ல் திரும்பப் பெறப்பட்டது. அதே ஆண்டு வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மத அறிவிப்பைத் தமிழிலும் பெற வழி செய்கிறது. ஆனால் அது டிஜிட்டல் தரவுக்கு மட்டுமே. உறைபெட்டியில் இருக்கும் குழாய் அதற்குள் வராது. எங்களுக்குப் பெருங்கவலை இதுதான். கோப்பை அழித்தாலும் அந்தக் குழாயிலிருந்து மொத்தத் தரவையும் மறுபடி எடுத்துவிடலாம்.

எனவே, தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் (ஒழுங்குமுறை) சட்டம், 1997-ன் கீழான பதிவுக்கும் புதுப்பித்தலுக்கும் இவற்றை நிபந்தனையாக்க வேண்டுகிறோம். பரிசோதனைக்கு ஒரு கையெழுத்து, ஆராய்ச்சிக்குத் தனிக் கையெழுத்து, இரண்டும் தமிழில். இரண்டாவதை மறுத்தாலும் பரிசோதனை நடக்க வேண்டும். மறுபரிசோதனைக்காக மாதிரியைச் சில காலம் வைத்திருப்பது அவசியம்தான்; அந்தக் காலத்தைப் படிவத்திலேயே எழுதி, முடிந்ததும் அழித்துச் சான்று தர வேண்டும். வெளி ஆய்வகத்துக்கு அனுப்பினால் பார்கோடு, தேதி, நோக்கம் மூன்றும் பதிவேட்டில் ஏற வேண்டும். சம்மதத்தைத் திரும்பப் பெற்றால் அங்குள்ள நகலும் காப்புப் பிரதியும் சேர்ந்தே அழிய வேண்டும். நோயாளியின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் காப்பீட்டு நிறுவனத்துக்கோ வேலை தருபவருக்கோ முடிவைத் தரக் கூடாது.

மாதிரிப் படிவம் ஒன்றை இத்துடன் இணைத்துள்ளோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்கள்