தம்பிக்கு, அப்பாவின் மற்றக் கத்தியோடு

தம்பி,

அப்பாவின் திவசம் நேற்றோடு முடிந்தது. அவருடைய இரண்டு சவரக்கத்திகளில், நீ கிரைண்டரில் பிடிக்காத மற்றதை உனக்கே தருவதென்று முடிவெடுத்துவிட்டேன். கல்லடிப் பக்கம் வரும்போது எடுத்துக்கொண்டு போ. அதற்கு முதல் இதை வாசி.

மாரி முழுக்க இரண்டையும் தோல் உறைக்குள்ளேயே விட்டது என் பிழைதான். தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும், இங்கே காற்றிலும் உப்பு, காபன் உருக்கு வேறென்ன செய்யும்? ஆனால் துருவை எடுக்கலாம். கிரைண்டர் செய்ததை எடுக்க ஏலாது. கிணற்றடியில் துருவை எடுக்கவென்று நீ ஒரு கத்தியைக் கிரைண்டரில் பிடித்தபோது, அதன் கூர் வாயோரம் முதலில் வைக்கோல் நிறம், பிறகு ஊதா, பிறகு நீலம். நிறுத்து என்றேன், சிரித்தாய். நீலம் என்றால் ஏறத்தாழ 300 பாகை செல்சியஸ் சூடு. சவரக்கத்தியின் வாய் அந்தச் சூட்டில் மெதுமையாகிவிடும், எத்தனை தரம் தீட்டினாலும் கூர் நிற்காது.

இதற்கு மெஷின் வேண்டாம். தையல் மெஷின் எண்ணெய் பூசி ஓர் இரவு விடு. சிவப்புத் துருவைப் பழைய பிளேட்டைச் சரித்துப் பிடித்து மெல்லச் சுரண்டு. பிறகு 1000ஆம் நம்பர் தண்ணீர்ச் சாண்ட் பேப்பரை ஓர் அழிறப்பரில் சுற்றி, இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, முதுகிலிருந்து வாய்ப்பக்கம் மட்டும் தேய். மறுபக்கமாக இழுத்தால் வாய் பேப்பரை வெட்டும், அடுத்தது உன் விரல். கத்தி பலகையில் படுத்தே இருக்கட்டும். நடுவில் குழிந்து மெலிந்த தகடு, அந்தரத்தில் அழுத்தினால் உடையும். 400இல் தொடங்காதே. அந்தக் கீறலை அழிக்கவே அரை நாள் போகும். கடைசியில் 2000.

கறுப்புப் புள்ளி மிஞ்சினால் விடு, கத்தியின் உடம்பில் இருப்பது சவரத்தைக் கெடுக்காது. வாயில் குழி இருந்தால்தான் வேலை. வெளிச்சத்துக்கு நேரே பிடி, குழி உள்ள இடம் மின்னும். அது மறையும்வரை முதுகும் வாயும் ஒன்றாகப் படும்படி கல்லில் தீட்டு. முதுகைத் தூக்காதே, கோணம் கெட்டுப்போகும்.

வினாகிரியில் ஊறப்போடச் சொல்வார்கள், கேட்காதே. துருவோடு பளபளப்பையும் தின்னும். தங்க எழுத்தின் மேல் மெட்டல் பொலிஷும் வேண்டாம், நாலு துடைப்பில் எழுத்தே இராது.

உனக்கு அப்பாவின் கை, பாரமே தெரியாது. அந்தக் கையால்தானே கிரைண்டரைப் பிடித்தாய்!

தேங்காய் எண்ணெய் பூசி வைக்காதே, நாளானால் பிசுக்காகும். தோல் உறையை நான் எறிந்துவிட்டேன். நீல வாய்க் கத்தி என்னிடமே இருக்கட்டும். உன்னுடையதில் பிடியின் ஆணியடியில் கொஞ்சம் துரு இருக்கிறது. அதற்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, இருபது தரம் திறந்து மூடி, துணிக் கீலத்தை இடுக்கில் விட்டு இழுக்க வேண்டும். வேண்டுமென்றுதான் மிச்சம் வைத்தேன். அதை நீ எடு.