பாலர் வகுப்புக்கு வந்திருக்கும் புது டீச்சருக்கு

அன்புள்ள டீச்சர்,

"பிள்ளைகள் எப்பவும் விளையாட்டுதான். கவனிப்பு நோட்டில் என்னத்தை எழுத?" என்று கேட்டீர்கள். அன்று வேன் வந்துவிட்டது, பதில் சொல்ல முடியவில்லை. அந்த விளையாட்டைத்தான் எழுத வேண்டும் டீச்சர். எழுத்தும் எண்ணும் அப்புறம்.

நம் வகுப்பில் நடந்த ஒரு மீன் ஏலத்தைச் சொல்கிறேன். பூவரசு இலைகளைத் தரையில் பரப்பி வைத்தார்கள். அதுதான் சாளை மீன். நான்கு வயதுப் பையன் ஒருவன் ஸ்டூலில் ஏறி, "நூறு, நூத்தம்பது, எழுநூறு, ஆயிரம்!" என்று கூவினான். ஒரு சிறுமி இடுப்பில் கைவைத்து, "இது நேத்துள்ள மீனு, எனக்கு வேண்டாம்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவனுக்கு எண் வரிசை வராது. ஆனால் ஏலத்தில் விலை ஏறிக்கொண்டே போகும் என்று தெரிகிறது. குறை சொன்னால் விலை இறங்கும் என்பது அவளுக்குத் தெரிகிறது. எந்தப் பாடத்தில் இதைச் சொல்லிக்கொடுத்தோம்?

சுவரோரமாக ஒரு பையன் தினமும் பார்த்துக்கொண்டே நிற்பான், வாயே திறக்க மாட்டான். அன்று பழைய பேப்பரைக் கிழித்துக்கொண்டு வந்து இலைகள்மேல் தூவி, "ஐஸ்" என்றான். அந்த ஒரு சொல்தான். "இன்னும் போடு மக்ளே" என்று ஏலக்காரன் சொல்ல, இவனும் ஆட்டத்தில் சேர்ந்துவிட்டான். அமெரிக்க ஆய்வாளர் மில்ட்ரெட் பார்ட்டன் 1932இல் பிள்ளைகளின் விளையாட்டை வகை பிரித்தபோது, பக்கத்தில் நின்று பார்ப்பதையும் ஒரு வகையாகச் சேர்த்தார். அதனால் ஓரமாக நிற்கிற பிள்ளையைக் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். அவன் எதைப் பார்க்கிறான் என்று எழுதுங்கள்.

"நன்றாக விளையாடினான்" என்று எழுதினால் அதில் ஒன்றுமில்லை. அவர்கள் சொன்னதை அவர்கள் பேச்சிலேயே எழுதுங்கள். எது எதுவாக மாறியது என்பதையும் குறித்து வையுங்கள். ஒன்றரை வயதில் பிள்ளை காலி டம்ளரில் தானே குடிப்பதுபோல் பாவனை செய்யும். இரண்டு வயதுவாக்கில் பொம்மைக்கு ஊட்டும். மூன்று, நான்கு வயதில் மரக்கட்டை போன் ஆகிவிடும், அப்புறம் கையில் எதுவும் வேண்டாம், வெறுங்கையைக் காதில் வைத்தாலே போதும். பொருள் இல்லாமலே நினைக்கப் பழகிய பிள்ளைக்குத்தான் ஒரு கோடு 'அ' ஆக முடியும். விளையாட்டில் குழந்தை தன்னைவிட ஒரு தலை உயரமாக நிற்கிறது என்று ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கி 1933இலேயே சொன்னார். சாதாரணமாக ஒரு நிமிடம்கூட உட்காராத பிள்ளை, ஏலத்தில் தன் முறை வரும்வரை காத்திருப்பதை நீங்களே பார்ப்பீர்கள்.

நடுவில் புகுந்து "எத்தனை மீன்? எண்ணு பார்ப்போம்" என்று கேட்காதீர்கள், ஆட்டம் அத்தோடு செத்துப்போகும். போயே ஆக வேண்டுமென்றால் சாளை வாங்கப் போங்கள்.

ஒரு காரியம் மனதைக் கனக்க வைக்கும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். 2017 நவம்பர் 30இல் ஓகிப் புயல் அடித்த பிறகு, நம் கடற்கரை வீடுகளில் கடலுக்குப் போனவர்கள் திரும்பக் காத்திருந்த நாட்களில், பிள்ளைகள் இங்கே வந்து விளையாட்டில் வள்ளத்தைக் கவிழ்த்தார்கள். ஒருவன் கைகளை விரித்து ஹெலிகாப்டராகச் சுற்றித் தேடினான். மறுநாளும் அதே ஆட்டம். நான் தடுக்கவில்லை, "எல்லாரும் வந்துட்டாங்க" என்று நானாக முடிவும் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து எழுதினேன். பிறகு அவர்களாகவே ஒரு நாள் வள்ளத்தைக் கரைக்கு இழுத்து, கஞ்சி வைத்தார்கள். தங்களால் தாங்க முடியாததைப் பிள்ளைகள் இப்படிச் சின்னதாக்கிக் கையில் எடுத்துப் பார்க்கிறார்கள். ஆனால் ஆட்டம் கொஞ்சமும் மாறாமல், ஆடி முடித்தும் பிள்ளை கலங்கியே இருந்தால் வீட்டில் பேசுங்கள், மனநல மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். அப்போது தேதி போட்ட உங்கள் குறிப்புதான் உதவும்.

வகுப்பில் பிள்ளைகள் விளையாடுகிற மூலையை எடுத்துவிட்டு எழுதுகிற பெஞ்சு போடச் சொல்லிப் பெற்றோர் கேட்பார்கள். விட்டுக்கொடுக்காதீர்கள், தயவுசெய்து. நோட்டிலிருந்து அவரவர் பிள்ளையின் பக்கத்தை வாசித்துக் காட்டுங்கள். பிளாஸ்டிக் அடுக்களை செட் வாங்க வேண்டாம், சிரட்டை, தென்னம்பாளைக் கொதும்பு, பழைய சேலை போதும். பழைய வலைத்துண்டு கொண்டுவர ஒரு அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். வந்ததும் ஈயக்குண்டுகள் எல்லாவற்றையும் அறுத்து எடுத்துவிட்டுத்தான் உள்ளே போட வேண்டும், சின்னதுகள் வாயில் வைத்துவிடும்.

அன்புடன்,
உங்களுக்கு முன் அந்த வகுப்பில் இருந்த டீச்சர்